திட்ட அறிக்கையில் லாபம் இருக்கிறது. உங்கள் ஊரில் இருக்கிறதா?

கேள்வி: அவிநாசி அருகே எங்கள் கிராமத்தில் மரச்செக்குக் கடலை எண்ணெய்த் தொழில் தொடங்க விரும்புகிறேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 18 லட்ச ரூபாய்த் தொழிலுக்கு ஆலோசகர் ஒருவர் திட்ட அறிக்கை தயாரித்துத் தந்திருக்கிறார். முதல் ஆண்டிலேயே மாதம் 1,800 லிட்டர் விற்று, தவணையும் கட்டி, 58,000 ரூபாய் மிஞ்சும் என்கிறது அது. மானியம் 35 சதவீதமாம். செக்குக்கு உடனே முன்பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா? – ஒரு வாசகி

பதில்: கட்டாதீர்கள். தொழில் கெட்டதல்ல. ஆனால் உங்கள் கையில் இருக்கும் அறிக்கை வங்கியில் கடன் வாங்குவதற்காக எழுதப்பட்டது. தொழில் நடத்துவதற்காக எழுதப்பட்டதல்ல. முதல் ஆண்டு உற்பத்தித் திறனில் 60 சதவீதம், அடுத்த ஆண்டு 70, அதற்கடுத்து 80 என்று ஏறிக்கொண்டே போகிறதா, பாருங்கள். பேக்கரி, செங்கல் சூளை, தையலகம் எதற்கு அறிக்கை எழுதினாலும் இதே படிக்கட்டுதான். அந்த 60 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை. வருமானம் தவணையைப் போல் எத்தனை மடங்கு என்ற விகிதம் தாளில் சரியாக வந்தால் கோப்பு நகர்ந்துவிடும். ஐந்தாண்டுக் கணக்கை நிரப்பச் சொல்லும் படிவத்தில், அதில் எது தெரிந்தது, எது ஊகம் என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அந்தக் கட்டத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அறிக்கையின் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் “இதை யார் சொன்னது?” என்று பென்சிலால் எழுதுங்கள். வாடகை மாதம் 8,000 ரூபாய்; கட்டட உரிமையாளர் சொன்னது. ஆள் கூலி 15,000, விசாரித்தது. தவணை 19,000, வங்கியில் கேட்டது. இவை கிடக்கட்டும். 1,800 லிட்டர் யார் சொன்னது? ஆலோசகர். லிட்டர் 280 ரூபாய்க்குப் போகும் என்று? அவரேதான். கடலைப்பருப்பு ஆண்டு முழுவதும் கிலோ 100 ரூபாயிலேயே நிற்கும் என்று? அதுவும் அவர்தான்.

இனி கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். லாபத்திலிருந்து தொடங்காமல் தவணையிலிருந்து தொடங்குங்கள். தவணை, வாடகை, கூலி மூன்றும் சேர்ந்து மாதம் 42,000 ரூபாய். விற்றாலும் விற்காவிட்டாலும் இது போகும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பருப்பு, அதாவது 250 ரூபாய். புண்ணாக்கில் 56 ரூபாய் திரும்பும். புட்டி, மின்சாரம், போக்குவரத்துக்கு 30. அடக்கம் 224, விலை 280, லிட்டருக்கு மிஞ்சுவது 56 ரூபாய். ஆக, மாதம் 750 லிட்டர் விற்றால்தான் கையைக் கடிக்காது.

பருப்பு கிலோவுக்கு 12 ரூபாய் ஏறட்டும். மிச்சம் 26 ரூபாயாகிவிடும். 750 லிட்டர் 1,600-ஐத் தாண்டிவிடும். அல்லது பருப்பு அப்படியே இருந்து, கடைக்காரர் பத்து சதவீதக் கழிவு கேட்கட்டும். மிச்சம் 28 ரூபாய். 1,500 லிட்டர் விற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் லிட்டருக்கு 2 ரூபாய் நட்டம். அப்போது எவ்வளவு அதிகம் விற்கிறீர்களோ அவ்வளவு அதிகம் இழப்பீர்கள். ஆகவே நீங்கள் சோதிக்க வேண்டியவை இரண்டே: பருப்பு விலை, முழு விலை கொடுத்துத் திரும்பத் திரும்ப வாங்கும் குடும்பங்கள். மின்கட்டணத்தில் நூறு இருநூறு தவறினால் ஒன்றும் ஆகாது.

பருப்பு விலைக்கு சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உங்களுக்குப் பக்கம்தான். கடந்த இரண்டு ஆண்டு ஏல விலைகளைக் கேட்டு எழுதி வாருங்கள். அங்கே ஏலம் போவது தோலோடு இருக்கும் காய். நூறு கிலோ காயை உடைத்தால் எழுபது கிலோ பருப்பு தேறும். உடைக்கும் கூலி தனி. காய் விலையைப் பருப்பு விலையாக எழுதிவைக்கும் அறிக்கைகளும் உலவுகின்றன.

குடும்பங்களுக்கு வேறு வழி. மாதம் இரண்டு லிட்டர் வாங்கும் வீடு என்றால் 750 லிட்டருக்கு 375 வீடுகள் வேண்டும். அறிக்கையின் 1,800 லிட்டருக்கு 900. 50 கிலோ பருப்பு வாங்கி, ஏற்கெனவே செக்கு வைத்திருப்பவரிடம் கூலிக்கு ஆட்டுங்கள். இருபது லிட்டர் வரும். அவருடைய உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் உள்ள புட்டியிலேயே, 280 ரூபாய்க்கு, உறவினர் அல்லாதவர்களுக்கு விற்றுப் பாருங்கள். உறவினர் முதல் புட்டியை உங்களுக்காக வாங்குவார்கள். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். “நல்லா இருக்கும்மா” என்ற பாராட்டையும் சேர்க்காதீர்கள். அடுத்த மாதம் கேட்காமலே யார் வந்தார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். பத்துப் பேரில் இரண்டு பேர் வந்தால், 375 வீட்டுக்கு எத்தனை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனை முடியும் முன் உங்கள் பெயரில் தொழிலைத் தொடங்கிவிடாதீர்கள். திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமே.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பக்கம் கடலை விளையும் ஊர் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். எண்ணெய் விற்காமல், மற்றவர் கொண்டுவரும் கடலையைக் கூலிக்கு ஆட்டித் தருவதாக இருந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. பருப்பு விலை ஏறினால் அது அவர்கள் கவலை. ஆனால் ஊகங்கள் ஒழிவதில்லை, இடம் மாறுகின்றன. எத்தனை வீட்டில் சொந்தக் கடலை இருக்கிறது? அறுவடை முடிந்த சில மாதங்கள் கூட்டம் வரும். மற்ற மாதங்களில் 42,000 ரூபாய்க்கு என்ன வழி? ஒரு ஆட்டத்துக்குக் குறைந்தது இத்தனை கிலோ என்று செக்குக்கு ஓர் அளவு உண்டே. ஐந்து கிலோ கொண்டுவருபவரை என்ன செய்வீர்கள்? அடுத்தவர் கடலையோடு கலந்தால் வம்பு. புண்ணாக்கு யாருக்கு? கூலியை விடப் புண்ணாக்கில்தான் காசு என்று கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள், மாடு வைத்திருப்பவர் அதை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார். இரண்டையும் கலந்து செய்வதானால் இரண்டு தாள்களில் தனித்தனியாகக் கணக்கு எழுதுங்கள்.

மானியத்துக்கு வருகிறேன். பெண்களுக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம் என்பது உண்மை. உங்களுக்கு 6,30,000 ரூபாய். ஆனால் அது கைக்கு வராது. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாகக் கிடக்கும். தொழில் நடக்கிறது என்று சரிபார்த்த பிறகே கடனில் கழியும். அதை வருமானமாக நினைத்துத் திட்டமிடுவதுதான் எல்லா ஊகங்களிலும் ஆபத்தானது. இந்தத் திட்டத்துக்கு முகவர் என்று யாரையும் அரசு நியமிக்கவில்லை. விண்ணப்பத்தை இணையத்தில் நீங்களே போடலாம். மாவட்டத் தொழில் மையத்திலும் கேட்கலாம். அங்கே இரண்டு மூன்று முறை அலைய விடுவார்கள். அந்த அலைச்சல்தான் இடைத்தரகர்களின் மூலதனம்.

செக்கு விற்பவரை உங்களுக்குக் காட்டியதும் அதே ஆலோசகர்தானா? அப்படியென்றால் அவருக்கு அங்கேயும் ஒரு பங்கு இருக்கலாம். வேறு இரண்டு இடங்களில் விலைப்புள்ளி வாங்குங்கள். வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை யாருக்கும் ஒரு ரூபாயும் முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டு மாத விற்பனைக் குறிப்போடு கிளை மேலாளரைப் பாருங்கள்; 1,800 லிட்டரை அடித்துவிட்டு உங்கள் எண்ணை எழுதி, அதற்கு எவ்வளவு கடன் தாங்கும் என்று கேளுங்கள். 18 லட்சம் தேவையில்லை, ஒரே செக்கோடு அதில் பாதி போதும் என்றும் தெரியவரலாம்.