கள்ளமாக வந்தவர்களுக்காகக் கோவில் ஏன் பேச வேண்டும்?

கேள்வி: 2024 டிசம்பரில் முல்லைத்தீவில் கரையேறிய மியன்மாரின் ரோகிங்கியா மக்களுக்காக எங்கள் பங்கில் உதவி சேர்த்தார்கள். "கள்ளமாக வந்தவர்களுக்குக் கோவில் ஏன் வக்காலத்து வாங்குகிறது?" என்று கோபித்துக்கொண்ட என் கணவர் பூசைக்கே வருவதில்லை. பிரான்சில் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட என் தம்பிக்கோ அங்குள்ள கோவில்தான் ஆதரவு. கணவருக்கு என்ன சொல்வது? - வாசகி, சொறிக்கல்முனை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. திருச்சபையும் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. பாதுகாப்பும் பிழைப்பும் தேடி வரும் அந்நியரை வசதியுள்ள நாடுகள் இயன்றவரை ஏற்க வேண்டும் என்று கூறும் கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டின் 2241ஆம் பத்தியே, குடியேற்றத்துக்கு நிபந்தனை விதிக்க அரசுக்கு உரிமை உண்டென்றும், வந்தவர்கள் அந்நாட்டுச் சட்டங்களை மதிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றும் சொல்கிறது. எல்லையைத் திறந்துவிடும்படி கோவில் கேட்கவில்லை. விசா இல்லாதவருக்கும் பசிக்குச் சோறும், நோய்க்கு மருந்தும், தன் நிலையை எடுத்துச் சொல்ல ஒரு வாய்ப்பும் மறுக்கப்படக் கூடாது என்றே கேட்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் பதவியேற்றபின் உரோமைக்கு வெளியே முதல் அதிகாரபூர்வப் பயணமாகச் சென்ற இடம், படகில் வருவோர் கரையேறும் இத்தாலியின் லம்பெதூசாத் தீவு. 2013 ஜூலை 8ஆம் திகதி, உடைந்த படகுகளின் மரத்தில் கடைந்த கிண்ணத்தை ஏந்தி அவர் அங்கு திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

"கள்ளமாக" என்ற சொல்லைப் பற்றி உங்கள் கணவரிடம் நம் ஊரை வைத்தே பேசுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனையோ பெண்கள் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்குக்கு முறைப்படி விசா எடுத்துத்தான் போனார்கள். அங்கே கடவுச்சீட்டை எசமான் அலுமாரியில் பூட்டி வைத்துக்கொள்ள, சம்பளமும் கிடைக்காமல், அடி தாங்க முடியாமல் வெளியே ஓடி வந்த ஒருத்தி, தொழிலாளியின் விசாவை எசமானோடு கட்டிப்போடும் அங்குள்ள கபாலா முறையின்படி ஓடிப்போனவளாகப் பதியப்பட்டு, சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவள் ஆகிவிடுகிறாள். அவளைக் கள்ளி என்று நாம் சொல்வோமா? ரோகிங்கியாக்களின் நிலை இதைவிடக் கொடியது. மியன்மாரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாக்கப்பட்டிருக்க, முறைப்படி பயணம் செய்யக் கடவுச்சீட்டை அவர்கள் யாரிடம் கேட்பது? 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் இலங்கை இணையாததால், இங்கே வந்து சேர்ந்தவர்களுக்காக யாராவது வாய் திறந்து பேசியே ஆக வேண்டியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் தம்பிக்கு அங்கே கிடைக்கும் அதே ஆதரவைத்தான் உங்கள் பங்கு இங்கே கொடுக்கிறது. இதை வாதமாக வைக்காமல், கணவரின் கோபம் தணிந்திருக்கும் வேளையில் சொல்லுங்கள்.

தம்பியின் காரியம் அவசரமானது. கோவில் அவருக்கு ஆறுதல் தரலாம், இடம் தரலாம். வதிவிட அனுமதி தர முடியாது. முதல் நிராகரிப்பு என்றால், கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அகதி வழக்குகளுக்கான தேசிய நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய வேண்டும். இலவச சட்டத்தரணிக்கான விண்ணப்பத்துக்கு 15 நாட்களே உண்டு. புரட்டஸ்தாந்து இளைஞர் அமைப்புகள் 1939இல் தொடங்கிய 'சிமாட்' இத்தகையோருக்குச் சட்ட ஆலோசனை வழங்குகிறது. இன்றைக்கே அவருக்குத் தொலைபேசி எடுத்து, அந்தக் கடிதத்தில் என்ன திகதி இருக்கிறது என்று கேளுங்கள்.