யூதர்களின் பண்டிகைகளைக் கிறிஸ்தவர்களும் கொண்டாட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பண்டிகை நாள், ஓய்வுநாள் விஷயத்தில் யாரும் உங்களைக் குற்றப்படுத்த விடாதீர்கள் என்று பவுலே கொலோசெயர் 2:16-இல் எழுதிவிட்டார். அதற்காகத் தெரிந்துகொள்ளவே வேண்டாம் என்று விட்டுவிட்டால், சுவிசேஷங்களில் பாதி சுவை போய்விடும்.

எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்காவில் பலியாகும் ஆட்டுக்குட்டிக்கும் இயேசுவின் சிலுவைக்கும் உள்ள தொடர்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெந்தெகொஸ்தே? அது ஏற்கெனவே யூதர்களின் அறுவடைப் பண்டிகை, அதனால்தான் சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய அன்றைக்கு எருசலேமில் அத்தனை தேசத்துக் கூட்டம்.

எனக்குப் பிடித்தது கூடாரப் பண்டிகை, முன்னோர் வனாந்தரத்தில் கூடாரங்களில் தங்கியதை நினைத்துக் கொண்டாடுவது. ஆலயம் இருந்த காலத்தில், அந்த நாட்களில் காலைதோறும் ஆசாரியர் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றுவார். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த ஊர், மழையை எதிர்பார்த்து நிற்கிற நேரம். அந்தப் பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு எழுந்து நின்று, தாகமுள்ளவன் என்னிடம் வரட்டும் என்று சத்தமிட்டுச் சொல்கிறார் (யோவான் 7:37). நாள்தோறும் அந்தத் தண்ணீரைப் பார்த்த கூட்டத்துக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

அப்புறம், இந்தப் பண்டிகைகள் கிறிஸ்து வந்ததும் 'முடிந்துபோன நிழல்' என்று யூத நண்பரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் வீட்டில் இன்றும் கூடாரம் போடுகிறார்கள்.