நீ காலையில் என்ன சாப்பிட்டாய்?

அன்புள்ள அக்காவுக்கு,

வேலந்தாவளம் என் ஊர். கோயம்புத்தூரில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு ஏழு மாதமாகக் கேரளத்தில் ஆதிவாசிகள் வாழும் மலைப்பகுதியான அட்டப்பாடியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் சத்துணவு பற்றிச் சொல்வது என் வேலை. ஊர்களில் கூட்டம் போட்டால் பத்துப் பேர் வருகிறார்கள். தலையாட்டுகிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்த மாதம் போனால் ஒன்றும் மாறியிருப்பதில்லை. ராத்திரி அறைக்கு வந்து படிவம் நிரப்பி அனுப்புவதிலேயே பொழுது போகிறது. இந்தப் படிப்பே அமெரிக்காவில் அவர்களுக்காக உண்டாக்கியது, நமக்குப் பொருந்தாது என்கிறார் கூட வேலை செய்பவர். அப்பா பேங்க் கோச்சிங் சேரச் சொல்கிறார். நீங்கள் இங்கே வேலை பார்த்தவர். சொல்லுங்கள், விட்டுவிடலாமா? பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கூட வேலை செய்பவர் சொல்வதில் பாதி சரி. இந்தியாவில் சமூகப் பணிக்கான முதல் பள்ளி 1936ல் பம்பாயில் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார். பாடங்களும் அந்த நாட்டிலிருந்தே வந்தன. தனி மனிதர் ஒருவர் குடும்பத்தோடோ வேலையோடோ ஒத்துப்போக முடியாமல் தவித்தால் அவரோடு உட்கார்ந்து பேசிச் சரிசெய்வதுதான் அந்தப் பாடத்தின் மையம். ஊரே பட்டினியாக இருக்கும் நாடுகளில் இது எப்படிப் போதும் என்று சமூகப் பணி ஆய்வாளர் ஜேம்ஸ் மிட்ஜ்லி 1981லேயே விரிவாக எழுதினார். அதெல்லாம் உண்மைதான். ஆனால் உங்கள் கூட்டத்தில் பெண்கள் தலையாட்டிவிட்டுப் போவதற்குக் காரணம் பாடத்திட்டம் இல்லை என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் தலையாட்டினார்கள்.

2013ல் அட்டப்பாடியில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். தாய்மாருக்கு ரத்தசோகை, பிறந்த பிள்ளைகளுக்கு எடை இல்லை. அந்த வருடம் கேரளத்தில் பிறந்த 1000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 12. நாடு முழுவதற்குமான கணக்கு 40. அவ்வளவு நல்ல கணக்கு வைத்திருந்த மாநிலத்துக்குள்ளேதான் இது நடந்தது. மறுவருடம் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். சோலையூர் பஞ்சாயத்தில் ஓர் இருளர் ஊரில் படம் போட்ட அட்டையை விரித்து ராகி, சாமை, கீரை என்று அரை மணி நேரம் பேசினேன். முடித்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் கேட்டார்: “காலைல நீ என்ன தின்னே அம்மிணி?”

இட்லி என்றேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை முழுசாகத் தருகிறேன். இருளர் பேச்சு நம் காதுக்குப் பாதி புரியும், எனக்குப் புரிந்தவரை இதுதான். “நாங்க ராகி தின்னு வளந்தவங்கதான். இப்ப ரேஷன்ல அரிசி குடுக்கறாங்க, அதைத் திங்கறோம். ராகி விதைக்க நெலம் எங்க இருக்குது? இருக்கற துண்டையும் பன்னி வந்து உழுதுட்டுப் போகுது, ஆனை வந்து மேஞ்சுட்டுப் போகுது. அதுக்கு உன்ற படத்துல என்ன போட்டிருக்குது?”

ஒன்றும் போட்டிருக்கவில்லை. நான் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர்களிடம் இல்லாமல் போனது நிலம்தான். ராகியைப் பற்றிய அறிவு அங்கே நிறையவே இருந்தது. 1951 கணக்கில் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. மேற்கிலிருந்து மலையாளிகள் வந்தார்கள், கிழக்கிலிருந்து நம் தமிழ் ஆட்கள் போனார்கள். கைமாறிய நிலத்தைத் திருப்பித்தர 1975ல் கேரளம் சட்டம் போட்டது. பெரும்பாலான நிலம் திரும்பவில்லை. நீங்களும் நானும் பேசும் தமிழ் அந்தப் பாட்டிக்கு, நிலத்தை வாங்கிக்கொண்டவர்களின் பேச்சும்கூட. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தலையாட்டலைப் பாருங்கள். வேறு மாதிரித் தெரியும்.

பல வருடம் கழித்து பங்களாதேஷ் அனுபவம் ஒன்றைப் படித்தபோது எனக்கு அந்தப் பாட்டியின் கேள்விதான் ஞாபகம் வந்தது. ஃபஸ்லே ஹசன் ஆபெத் 1972ல் தொடங்கிய பிராக் என்ற தொண்டு அமைப்பு, 1980லிருந்து பத்து வருடம் வீடு வீடாகப் போய் தாய்மாருக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர், இவற்றைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். சொல்வதோடு விடாமல் தாயையே கரைக்க வைத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். அந்தப் பணிப்பெண்களுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் அந்த வீடுகளில் சிலவற்றுக்குப் போய் தாயிடம் கேள்வி கேட்பார். அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரோ அதைப் பொறுத்துப் பணிப்பெண்ணுக்குச் சம்பளம். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்பது கணக்கில்லை.

தாய்மார் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் பிள்ளைக்கு நோய் வந்தபோது கரைத்துக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று விசாரித்தால், சொல்லிக்கொடுத்த பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். அமைப்பு அவர்களை டாக்காவுக்கு அழைத்துப்போய், அந்த உப்புத் தண்ணீர் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று ஆய்வகத்தில் விளக்கிக் காட்டியது. இன்னொன்றும் தெரிந்தது. வீட்டு ஆண்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அப்புறம் சந்தையிலும் மசூதியிலும் அவர்களையும் உட்காரவைத்துப் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் கரைத்துக் கொடுப்பவர்கள் கூடினார்கள்.

உங்கள் படிவத்துக்கு வருகிறேன். அதில் எத்தனை கூட்டம், எத்தனை கையெழுத்து என்பதுதான் இருக்கும். படிவமே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 1990களின் தொடக்கத்தில் ஆலப்புழையில் ஏழைக் குடும்பங்களைக் கண்டுபிடிக்க ஒன்பது அடையாளங்கள் வைத்தார்கள். ஒழுங்கான வீடு இல்லை, கழிப்பறை இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, சம்பாதிப்பவர் ஒருவருக்கு மேல் இல்லை, இரண்டு வேளைக்கு மேல் சாப்பாடு இல்லை, இப்படி. ஒன்பதில் நான்கு பொருந்தினாலே அந்த வீடு ஏழை வீடு என்று கணக்கில் சேரும். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் கேட்காமலே தெரியும். 1998ல் குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் பெண்கள் திட்டம் வந்தபோது இந்த அனுபவம் அதற்கு உரமாக இருந்தது. அதன் அடிக்குழுவான அயல்கூட்டத்தில் பத்திலிருந்து இருபது பெண்கள், எல்லாரும் அக்கம்பக்கத்தார். 2013க்குப் பிறகு அட்டப்பாடி ஊர்களில் சமூக அடுக்களை நடத்தியதும் குடும்பஸ்ரீதான்.

ஆகவே உங்கள் நிறுவனத்தின் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், அது வேலைக்கு வேண்டும். கூடவே உங்களுக்காக ஒரு நோட்டு வையுங்கள். ஐந்து வீடு போதும். போன மாதம் பேசியதில் அந்தப் பெண் எதைச் சொல்கிறாள், எதைச் செய்தாள், செய்யாததற்கு என்ன காரணம் சொன்னாள் என்று அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள். மூன்றாவது மாதம் படித்துப் பார்த்தால் உங்கள் வேலை என்னவென்று அந்த நோட்டே சொல்லும்.

பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் போடாதீர்கள். தொழிலுறப்பு வேலைக்கு (நம் பக்கம் நூறு நாள் வேலை என்பது) போகிறவர்கள் கூலியை விட்டுவிட்டு வர முடியாது. முதலில் ஊர்த்தலைவரான மூப்பனிடம் சொல்லுங்கள். பெரும்பாலான களப்பணியாளர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இருளர் ஊரில் பண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று மற்ற பொறுப்பாளர்களும் உண்டு. மண்ணையும் விதைப்பையும் அறிந்தவர் மண்ணுக்காரன். ராகி பற்றிப் பேசப்போகும் நீங்கள் முதலில் அவரிடம்தானே கேட்க வேண்டும்? நான் இரண்டு வருடம் கழித்துத்தான் கேட்டேன். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

பாட்டிக்கு நான் செய்தது சின்ன வேலை. காட்டு விலங்கு பயிரை அழித்தால் வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம் என்பது அந்த ஊரில் பலருக்குத் தெரியாது. மனு எழுதினேன், அவர் கைரேகை வைத்தார். அடுத்த கூட்டத்தில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்து எனக்குப் பதிலாகப் பேசினார்.

அப்பா சொல்வதைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வேலையில் சம்பளம் குறைவு, அவர் கவலை நியாயமானது. ஒரு வருடம் முடியட்டும், ஒரு விதைப்பையும் ஒரு அறுவடையையும் அங்கே இருந்து பாருங்கள். அதற்குள் முடிவெடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

பாட்டி இப்போது இல்லை. அவருடைய பேத்தி அதே ஊர் அங்கன்வாடியில் ஹெல்பராக இருக்கிறாள். ஊர்ப்பெயரைத் தனியாக மெயில் அனுப்புகிறேன். காலையில் சாப்பிடாமல் போங்கள். என் பெயரைச் சொன்னால் களி கிண்டிக் கொடுப்பாள். சாப்பிட்டுவிட்டு, அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
கொழிஞ்சாம்பாறை