பெட்ரோல் டேங்கின் பிடிமானம் மீண்டும் மீண்டும் விரிசல் விடுவது ஏன்?

வியாசர்பாடியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் 110 சிசி பைக்குக்கு எட்டு வயது. தினமும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பெட்ரோல் டேங்கின் பின்பக்கத்தில் போல்ட் மாட்டும் பட்டை விரிசல் விட்டதால் வெல்டிங் வைத்தேன். டேங்க் ஆடக் கூடாது என்று மெக்கானிக் போல்ட்டை நன்றாக இறுக்கிக் கொடுத்தார். ஆனாலும் சில மாதங்களிலேயே அதற்குப் பக்கத்தில் மறுபடியும் விரிசல் தெரிகிறது. தண்ணீர் கேனை டேங்க் மேல் வைத்துக் கொண்டுவரும் வழக்கமும் உண்டு. என்ன செய்யலாம்?”

போல்ட்டை இறுக்கிய விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிறிய பைக்குகளில் டேங்க் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பொதுவாக, முன்புறத்தில் சேஸிஸ் எனப்படும் பைக்கின் இரும்புச் சட்டத்தின் இருபக்கமும் உள்ள இரண்டு ரப்பர்களில் டேங்கின் அடித்தகடு செருகி நிற்கும். பின்புறத்தில் புஷ் எனப்படும் துளையுள்ள ரப்பர் வளையத்தின் வழியாக ஒன்றோ இரண்டோ போல்ட்டுகள் பிடித்திருக்கும். என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள் சுற்றும்போது நொடிக்கு 100 முறை சேஸிஸ் அதிர்கிறது. அந்த அதிர்வை ரப்பர் வாங்கிக்கொள்ளாவிட்டால், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள டேங்கின் தகடுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். கெட்டியான பட்டையும் மெல்லிய தகடும் சேருகிற பற்றவைப்பின் ஓரத்தில் விரிசல் தொடங்குவது அதனால்தான்.

புஷ்ஷின் நடுவில் காலர் எனப்படும் சிறிய இரும்புக் குழல் ஒன்று இருக்கும். போல்ட் அந்தக் காலரின் மேல்தான் இறுகி நிற்க வேண்டும். அப்போதுதான் அதைச் சுற்றியுள்ள ரப்பர் நசுங்காமல், கொஞ்சம் அசைந்துகொடுக்கும். டேங்கைக் கழற்றும்போது காலர் உருண்டோடித் தொலைந்துபோவதும், அது இல்லாமலே திரும்ப மாட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. காலர் இல்லாத புஷ்ஷை இறுக்க இறுக்க ரப்பர் பிதுங்கி, பட்டை சேஸிஸோடு நேரடியாக இறுகிவிடும். உங்கள் பைக்கின் சீட்டை எடுத்துவிட்டுப் பின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ரப்பரில் வாஷரின் வட்டம் ஆழமாகப் பதிந்து, ஓரம் வெடித்து, நகத்தால் அழுத்தினாலும் அமுங்காமல் இருந்தால், அல்லது பட்டையின் பெயின்ட் தேய்ந்து பழுப்பு நிறத் துருத்தூள் படிந்திருந்தால், விரிசலுக்கான காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது.

ரப்பர்களை முன், பின் என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், செலவு சொற்பம்தான். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் மாடலின் பெயரைச் சொல்லிப் புதிதாகவே வாங்குங்கள். பழைய டேங்க் ஒன்றைப் புதுப்பேட்டையில் தேடுவதில் தவறில்லை, பழைய ரப்பரைத் தேடாதீர்கள். சைக்கிள் டியூபை வெட்டிச் சொருகுவதையும் நான் ஏற்பதில்லை; ஒருபக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்தால் டேங்க் முறுக்கிக்கொண்டே நிற்கும். ரப்பர் எளிதாக நுழைய சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடக்கூடும்.

டேங்கைக் கழற்றும்போது பெட்ரோல் டியூபையும் மீட்டர் ஒயரையும் விடுவித்துவிட்டு, பின்பக்கத்தைச் சற்றே தூக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். நேராக மேலே பிடுங்கினால் முன்பக்கத் தகடு வளைந்துவிடும். திரும்ப மாட்டும்போது இரண்டு ரப்பர்களும் உள்ளே சரியாக உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே போல்ட்டைப் போடுங்கள். கைகளால் பக்கவாட்டில் அசைத்தால், டேங்க் சிறிதளவு அசைந்து தானே பழைய இடத்துக்கு வர வேண்டும். ‘டக்’ என்று சத்தம் வந்தால் ரப்பர் தேய்ந்திருக்கிறது. கொஞ்சமும் அசையாவிட்டால் காலரைச் சரிபாருங்கள். புது ரப்பர் போட்டும் அதிர்வு குறையாவிட்டால், என்ஜினைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் கேன் விஷயத்தில் உங்களை அன்போடு வற்புறுத்துகிறேன், உடனே நிறுத்துங்கள். 10 லிட்டர் பெட்ரோலின் எடையே ஏறத்தாழ 7.5 கிலோதான், அதைத் தாங்கச் செய்த பட்டையின் மேல் 20 கிலோ தண்ணீரை ஏற்றி ஒவ்வொரு வேகத்தடையிலும் குதிக்க வைத்தால், எந்த ரப்பரும் தாங்காது. பின்னால் கேரியர் பொருத்தி, கேனை அதில் இறுகக் கட்டிக் கொண்டுவாருங்கள்.

வடசென்னையின் கடற்காற்றில் விரிசலின் ஓரம் சீக்கிரமே துருப்பிடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலம் முடிந்ததும் டேங்கின் அடியில் ஒட்டிய சேற்றைக் கழுவி, நன்கு காயவிட்டு, பெயின்ட் உரிந்த இடத்தில் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சைப் பூசிவிடுங்கள்.

இப்போது தெரியும் விரிசலைப் பொறுத்தவரை, ஒரே இடத்தைச் சுற்றி இரண்டாவது முறை வெல்டிங் வைப்பதைவிட டேங்கை மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. அப்படியே வைத்தாலும், டேங்க் காலியாக இருக்கிறது என்று நம்பி நெருப்பு காட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு பெட்ரோல் ஆவி கலந்திருந்தாலே அது தீப்பற்றும், காலி டேங்கில் நிற்பதும் அந்த ஆவிதான். டேங்கை முழுமையாகக் கழுவி, ஆவியை நீக்கிவிட்டு வேலை செய்யும் பழக்கமுள்ள பட்டறையிடம் மட்டுமே கொடுங்கள். அதுவரை பெட்ரோல் வாடையோ ஈரக்கசிவோ தெரிந்தால் பைக்கை ஸ்டார்ட் செய்யாமல், திறந்தவெளியில் நிறுத்திவிட்டு, மெக்கானிக்கை வரவழையுங்கள்.