தூண்டில்காரர் பதில்கள்

(நாற்பது ஆண்டுகளாகத் தூண்டில் போடுபவர். ஓய்வுபெற்ற பேருந்து மெக்கானிக். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு மீன்பிடிக் குழுவைக் கட்டி மேய்க்கிறார்.)

கேள்வி: ஊட்டிக்குப் போனபோது அவலாஞ்சியில் டிரவுட் மீன் பார்த்தோம். மேல்நாடுகளில் டிரவுட்டுக்கென்றே சங்கம் வைத்துக் காப்பாற்றுகிறார்களாம். நம் நீர்த்தேக்கங்களிலும் கொண்டுவந்து விடலாமே?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: விட்டால் அன்றைக்கே வயிற்றைக் காட்டி மிதக்கும். டிரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி வரைதான் சுகம். 25-ஐத் தொட்டால் தடுமாறும். குளிர்ந்த தண்ணீரில்தான் பிராணவாயு அதிகம் கரையும், அந்த மீனுக்கோ அது நிறைய வேண்டும். எங்கள் குழுவில் ஒரு தம்பி கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டிக் கீழ் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் இறக்குவான். காலை ஏழு மணிக்கே 29 காட்டும். அந்தத் தண்ணீரில் டிரவுட்டை விடுவது, ஊட்டிக்காரரைக் கம்பளியோடு கொண்டுவந்து உச்சிவெயிலில் தேக்காவில் நிறுத்துவது மாதிரி.

இன்னொன்று, நீலகிரிக்கும் அது சொந்த மீன் இல்லை. தூண்டில் போட ஆசைப்பட்ட வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. 1863-ல் பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான், வில்சன் என்பவர் காலத்தில், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்து மீன் நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், நீலகிரியில் வேட்டை விலங்கையும் மீனையும் காக்க 1879-லேயே சட்டம் வந்துவிட்டது. காப்பாற்றுகிற கையும் புதிதாகக் கொண்டுவந்து விடுகிற கையும் ஒரே கையாக இருந்த காலம். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவலாஞ்சி ஓடையைப் பார்த்தால் எனக்கும் கை துறுதுறுக்கும்.

அமெரிக்காவில் டிரவுட் அன்லிமிடெட் என்ற சங்கம் 1959-ல் மிச்சிகனில் தொடங்கியது. அவர்களுக்கு அது மண்ணின் மீன். பொரிப்பகத்தில் வளர்த்த மீனை ஆற்றில் கொட்டிக் கணக்குக் காட்டுவது போதாது, ஆறு நன்றாக இருந்தால் மீன் தானே பெருகும் என்பதுதான் அவர்கள் போட்ட சண்டை. தூண்டில்காரர்கள் கரையில் மரம் நடுகிறார்கள், நிழல் விழுந்து தண்ணீர் குளிரட்டும் என்று. மீன் ஏறி வரமுடியாமல் வழியை அடைக்கும் பழைய அணைகளை அகற்றப் பாடுபடுகிறார்கள். நாம் கடன் வாங்க வேண்டியது அந்த வேலையைத்தான், மீனை இல்லை.

கேள்வி: என் மகன் வளர்க்கும் லோ ஹான் மீன் தொட்டியை மிஞ்சி வளர்ந்துவிட்டது. கொல்ல மனம் வரவில்லை. புத்தருக்கான வெசாக் தினத்தன்று நீர்த்தேக்கத்தில் விட்டுவிடலாமா? புண்ணியம்தானே?
- ஒரு தாய், ஈசூன்

பதில்: வேண்டாம் அம்மா. முதலில், அது சட்டப்படி குற்றம். வெசாக்கை ஒட்டித் தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தொண்டூழியர்களை நீர்நிலைகளில் நிறுத்துவதே இதற்காகத்தான். நாங்களும் போய் நின்றிருக்கிறோம். ஒருமுறை ஒரு சீனப் பாட்டி பிளாஸ்டிக் பையில் பத்துக் கெளுத்தியோடு வந்தார். எனக்குத் தெரிந்த பாசார் மலாயில் அரைமணி நேரம் கெஞ்சினேன். பையைத் திருப்பி எடுத்துப் போனார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், மூன்று நாள் தூக்கம் வரவில்லை.

லோ ஹான் மோகம் இந்த ஊரை ஆட்டியது நினைவிருக்கும். நெற்றிப் புடைப்பில் லாட்டரி நம்பர் தேடினார்கள். மோகம் தீர்ந்ததும் எத்தனையோ மீன்கள் நீர்த்தேக்கத்துக்குப் போயின. தொட்டியில் செல்லமாக இருப்பது வெளியே போனால் ரௌடி. இடம் பிடித்துக்கொண்டு உள்ளூர் மீனை விரட்டும், முட்டையைத் தின்னும். அமேசான் பக்கத்து பீகாக் பாஸும் இப்படி மனிதர் கொண்டுவந்ததுதான். இன்று வார இறுதியில் அதற்காகவே தூண்டிலோடு கூட்டம், அதில் நானும் உண்டு, மறைக்கவில்லை. மீனை வாங்கிய கடையிலேயே திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது கொடுங்கள். மகனையும் கூட்டிப் போங்கள், அவன் கையாலேயே கொடுக்கட்டும்.

கேள்வி: அண்ணே, நான் இங்கே கட்டுமான வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கால்வாய் ஓரம் நண்பர்களோடு கைத்தூண்டில் போடுகிறோம். ஊரில் ஆற்றில் பிடித்த பழக்கம். தப்பா?
- ஒரு தம்பி, காக்கி புக்கிட்

பதில்: பழக்கத்தில் தப்பில்லை தம்பி, இடத்தில்தான். இங்கே அனுமதித்த இடத்தில் மட்டுமே போடலாம். அறிவிப்புப் பலகை இருக்கும், பார்த்துப் போடுங்கள். நீர்த்தேக்கத்தில் கூடாத இடத்தில் போட்டுப் பிடிபட்டால் 3,000 வெள்ளி வரை அபராதம். உழைத்த சம்பளத்தையெல்லாம் தூக்கிக் கொடுக்காதீர்கள். நீர்த்தேக்கத்தில் மண்புழு, இறால் எல்லாம் ஆகாது, செயற்கை இரை மட்டும்தான். புழு போட்டுப் பழகியவருக்குத் தூண்டில் அனுமதித்த படகுத்துறை வசதி. அது கடல்.

கேள்வி: மீனின் வாயைக் குத்திக் கிழித்துவிட்டுத் திரும்ப விடுகிறீர்கள். இதற்குப் பேர் பாதுகாப்பா?
- பெயர் வேண்டாம், பாசிர் ரிஸ்

பதில்: கேள்வி தைக்கிறது. வலிக்காது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். குத்துவதைக் குறைக்கத்தான் முடியும். கொக்கி முனைக்குக் கீழே எதிர்த்து நிற்கும் சின்ன முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுவோம், வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடுவோம். உலர்ந்த கை பட்டால் மேல்வழுவழுப்பு போய்ப் புண் வைக்கும்.

நான் செய்த பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வயதில் ஒரு பெரிய தோமான் விராலைப் பிடித்து, தோளில் போட்டு, புளோக் முழுக்கக் காட்டினேன். அது நின்ற இடத்தில் தண்ணீர் மேல் சிவப்பாக ஒரு கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் குஞ்சுகள். விரால் சாதி மீன் குஞ்சைக் கூடவே நின்று காக்கும் என்று அப்போது தெரியாது. அடுத்த வாரம் போனேன், அந்தக் கூட்டம் இல்லை. அன்றிலிருந்து சிவப்புக் கூட்டம் கண்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் குழு தூண்டில் எடுத்துப் போகாது. சாக்குப்பையும் கத்தரிக்கோலும்தான். மலாய்க்காரர் தங்சி என்பார், நம்மவர் தங்கூசி என்போம், அந்தத் தூண்டில் நரம்பை வேரிலிருந்தும் பாறை இடுக்கிலிருந்தும் பொறுக்குகிறோம். போன மாதம் இரண்டு மைலோ டின் நிறைய வந்தது. பறவைக் காலில் சுற்றினால் அது தானாக அவிழாது. உடும்பு கொக்கியோடு சேர்த்து விழுங்கிவிடும். அதைப் போட்டவர்களும் எங்கள் ஆட்கள்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், எங்கள் ஆட்கள்தான். அதனால்தான் நாங்கள் பொறுக்குகிறோம். பெயர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஞாயிறு வாருங்கள்.

கேள்வி: பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு போனால் வீட்டில் என்ன சொல்கிறார்கள்?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: "வர்ற வழியில் தேக்கா சந்தையில் கொடுவா வாங்கிட்டு வாங்க. கடைக்காரரிடமே செதிலை உரிச்சுடச் சொல்லுங்க."