ஒரு வீடு, மூன்று நாய்கள்: எதற்கு எவ்வளவு நடை?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். வீட்டில் மூன்று வயது லப்ரடோர், ஐந்து வயது பக், ஒழுங்கையில் இருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஊர்நாய் என்று மூன்று. நாய்க்கு நாளுக்கு ஒரு மணி நேர நடை வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, மகன் காலை எட்டு மணிக்கு மூன்றையும் நிலாவெளி வீதியில் கூட்டிப் போகிறான். பக் பாதி வழியில் படுத்துவிடுகிறது. லப்ரடோர் திரும்பி வந்த பிறகும் செருப்பெல்லாம் கடிக்கிறது. ஊர்நாய் கேற்றைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. எதற்கு எவ்வளவு நடை? மகன் இப்போது ஹஸ்கி ஒன்றும் கேட்கிறான்.

பதில்: அந்த எட்டு மணி நடையில் இருந்து பக்கை நாளைக்கே நிறுத்துங்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் அதன் விசிறி. சப்பை முகத்துக்காக வளர்த்தெடுக்கப்பட்ட பக்குக்கு அந்த விசிறி சரியாக வேலை செய்யாது. மூக்குத் துவாரம் சின்னது, அண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொண்டையை அடைத்துக் கிடக்கும். வீட்டில் எல்லோரும் ரசிக்கும் அந்தக் குறட்டை, இடுக்கில் காற்றுப் புகும் சத்தம். நடு வீதியில் அது படுப்பது சோம்பலால் அல்ல.

வெக்கையான கச்சான் காற்று வீசும் ஒரு காலத்தில், காலை பத்து மணியளவில், ஒரு பக்கை ஓட்டோவில் என்னிடம் கொண்டுவந்தார்கள். ஈரத் துவாயால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் துவாயை விலக்கிக் கையை வைத்தால் உள்ளே இடியப்பச் சட்டி போல ஆவி. நாக்கு நீலம் பாரித்திருந்தது. நாயின் உடற்சூடு வழமையாக 38, 39 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். அப்படி ஒரு நிலை வந்தால் துவாய் சுற்ற வேண்டாம். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கு முன்னால் கிடத்துங்கள், அப்புறம் ஓட்டோவைக் கூப்பிடுங்கள். அந்தப் பக் பிழைத்தது. எல்லாம் பிழைப்பதில்லை.

உங்களுடையதற்கு விடிய ஆறு மணிக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம், பொழுதுபட்ட பின் இன்னொரு பதினைந்து போதும். கழுத்துப் பட்டி வேண்டாம், நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டி வாங்குங்கள். தார் வீதியில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால், எந்த நாயையும் அதில் நடத்தக் கூடாது.

சரி, லப்ரடோர். இங்கிலாந்தில் நாய் இனங்களைப் பதியும் அமைப்பான கெனல் கிளப், லப்ரடோருக்கு நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றும், பக்குக்கு ஒரு மணி நேரம் வரை என்றும் சொல்கிறது. அது அந்த நாட்டுக் குளிருக்குச் சரி. இங்கே நிமிடத்தை எண்ணுவதைவிட, அந்த இனம் என்ன வேலைக்குப் பிறந்தது என்று பார்ப்பது புத்தி. லப்ரடோரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு இருந்தவை. வலையையும் தப்பிய மீனையும் தண்ணீரில் பாய்ந்து இழுத்து வந்தவை. விரலிடைச் சவ்வு, தண்ணீர் ஒட்டாத ரோமம் எல்லாம் அதற்காக. கடற்கரையில் வைத்துக்கொண்டு அதைத் தார் வீதியில் நடத்தினால் செருப்பைக் கடிக்காமல் என்ன செய்யும்?

விடியற்காலையில் கடலுக்குக் கொண்டுபோங்கள். தடித்த கயிற்றை முடிந்து எறிந்து, இருபது நிமிடம் நீந்தி எடுத்துவர விடுங்கள். தடி வேண்டாம், வாயைக் கிழிக்கும். மார்கழி, தையில் கடல் கொந்தளிக்கும்போது மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடிக்க நல்ல தண்ணீர் கொண்டுபோக மறக்க வேண்டாம். உப்புத் தண்ணீரைக் குடித்தால் வீடு வந்ததும் கழிச்சல்தான்.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கரைவலை இழுத்த இடத்தில் பேத்தை மீனை மணலில் எறிந்துவிட்டுப் போவார்கள். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. தின்ற நாய் வாந்தி எடுத்து, கால் தள்ளாடி, கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். லப்ரடோரோ கண்டதையெல்லாம் விழுங்கும் சாதி. பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் இவற்றில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குக் குறை இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆகவே வலை இழுக்கும் பக்கம் போனால் சங்கிலி கையிலேயே இருக்கட்டும். கோட்டைப் பக்கமும் அப்படித்தான், அங்கே மான்கள் நிற்கும்.

பின்னேரம் அரை மணி நேர நடை. அதில் மகன் இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். நாய் நின்று மோப்பம் பிடிக்கட்டும். மோப்பம் பிடிப்பதும் அதற்கு வேலைதான், நன்றாகக் களைக்கும். மழை நாளில் சோற்றுப் பங்கில் இருந்து அவித்த கோழித் துண்டுகளை எடுத்து, வளவில் தேங்காய்ப் பொச்சுகளுக்குள் ஒளித்து வையுங்கள். அரை மணி நேரம் உங்கள் செருப்புக்கு ஆபத்தில்லை.

ஊர்நாய்க்கு நான் சொல்ல அதிகம் இல்லை. இரவு முழுக்க ஒழுங்கையைச் சுற்றிவிட்டு வருகிறவரை காலையில் சங்கிலி போட்டு நடக்கக் கூப்பிட்டால் வருவாரா? ஆனால் முன்பு துள்ளி வந்த நாய் திடீரென்று மறுத்தால் கதை வேறு. உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பாருங்கள். வெளிறியிருந்தால், காதுக்குள்ளும் விரலிடையிலும் உண்ணி இருந்தால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி வருடாவருடம் மூன்றுக்கும், சுற்றித் திரியும் இதற்குக் கட்டாயம்.

ஹஸ்கி சைபீரியாவில் பனிவண்டி இழுக்கப் பிறந்தது. இரட்டை ரோமம், நாள் முழுக்க ஓடும் கால். ஓடவிட்டால் இந்த வெயில் கொல்லும், ஏசி அறையில் பூட்டினால் கதவைப் பிய்க்கும். மகனிடம் நேரே மறுக்க மனமில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். இந்தக் கச்சான் முடியும்வரை தினமும் ஐந்து மணிக்கு எழும்பி, பக்கையும் லப்ரடோரையும் தனித்தனியாக அவனே கூட்டிப் போகட்டும். அதன் பிறகும் கேட்டால் எனக்கு எழுதுங்கள்.