அந்தப் பத்து நிமிடம்

வணக்கம் சார்,

நங்கநல்லூரில் ஒரு தோழி வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, எழுதியதை வாசிக்கிறோம். போன மாதம்தான் முதல்முறையாக ஒரு சிறுகதை வாசித்தேன். எல்லோரும் "அருமை", "நல்லா வந்திருக்கு" என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் "இதுல கதை எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டார். பத்து நிமிடம் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு போண்டாவை எடுத்துக்கொண்டார். அதிலிருந்து எழுத உட்கார்ந்தாலே அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. இந்த மாதமும் வாசிக்கவா, இல்லை பேசாமல் பத்திரிகைக்கு அனுப்பிவிடவா?

கே., குரோம்பேட்டை

அன்புள்ள கே.,

வாசியுங்கள். பத்திரிகைக்கும் அனுப்புங்கள், ஆனால் அங்கிருந்து கதை பிரசுரமாகும் அல்லது ஒரு பதிலும் வராது, எந்த இடத்தில் சறுக்கியது என்று யாரும் உட்கார்ந்து எழுதப்போவதில்லை.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன விளக்கினீர்கள்? அவள் ஏன் அப்படிச் செய்தாள், அந்த வீட்டில் அதற்கு முன்னால் என்ன நடந்திருந்தது என்றெல்லாம் சொல்லியிருப்பீர்கள். சரி, அதெல்லாம் தாளில் இருந்ததா? இல்லை என்றால் பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி; அவர் தேடிய கதையைத்தான் நீங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இன்றைக்கே அந்த விளக்கத்தை நினைவிருக்கும் வரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் என்ற புலவர் முன்னால் அரங்கேறியதாக அதன் முன்னுரையான பாயிரம் சொல்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதற்கு ஒரு கதையும் சொல்வார்: அதங்கோட்டாசான் வேண்டுமென்றே குற்றம் சொல்லிக்கொண்டே போக, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னாராம். இலக்கணத்துக்கு அது பொருந்தும். சிறுகதை எழுதுகிறவர் கதையோடு கூடவே ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாதே. 1936இல் தொடங்கிய அமெரிக்காவின் அயோவா எழுத்துப் பட்டறை வழியாகப் பரவிய முறையில், கதையை முன்கூட்டியே எல்லோரும் படித்துவிட்டு வந்து பேசுவார்கள், எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. கொடுமையாகத்தான் இருக்கும். நங்கநல்லூருக்கு அவ்வளவு கடுமை வேண்டாம், ஆனால் முன்கூட்டியே கொடுப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் சத்தமாக வாசிக்கும்போது நம் குரல் பல ஓட்டைகளை அடைத்துவிடும். தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுத்தால் போதும், மளிகைச் சீட்டுக்குக்கூட நாலு பேர் 'அருமை' சொல்வார்கள். இரண்டு நாள் முன்னால் வாட்ஸப்பில் போட்டுவிடுங்கள்.

அப்புறம், 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். கூட்டத்துக்கு வந்து, டீ குடித்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதர் அந்தக் கேள்விக்கு வேறு என்னதான் சொல்வார்? யாராவது ஒருவரிடம் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இருபது வருடம் முன்பு மயிலாப்பூரில் இப்படி ஒரு கூட்டத்தில் என் கதையை ஒருவர் திருப்பிச் சொன்னார்: "ஒரு பையன், ரயில்வே வேலை கிடைச்சும் போகாம வீட்டுலயே இருக்கான்." அவ்வளவுதான். நான் எழுதியது அப்பாவுக்கும் மகனுக்கும் நடக்கிற சண்டை, எட்டுப் பக்கத்தில் மூன்று பக்கம் அப்பாதான், அவர் சொன்னதில் அப்பாவே வரவில்லை! வீடு திரும்பும்வரை அந்த ஆளை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் அப்பா மூன்று பக்கமும் பேசிக்கொண்டே இருக்கிறார், ஒரு காரியமும் செய்யவில்லை.

மற்றவர்கள் வாசிக்கும்போது நீங்களும் 'அருமை' சொல்லித் தப்பிக்காதீர்கள். 1970இலிருந்து சென்னையில் நடந்துவந்த 'இலக்கியச் சிந்தனை' என்ற அமைப்பில், மாதாமாதம் ஒருவர் பத்திரிகைகளில் வந்த கதைகளைப் படித்துவிட்டு வந்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் இது என்று எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும். அந்த 'ஏன்'தான் கஷ்டம். உங்கள் மாடியிலும் ஒவ்வொரு 'அருமை'க்கும் ஒரு 'ஏன்' கேட்டுப் பாருங்கள், இரண்டு மாதம் கூட்டம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இந்த ஞாயிறுக்கு முன்னால் கதையைத் தாளிலேயே அந்தப் பெரியவரிடம் கொடுத்து, எந்த இடத்தில் சலிப்புத் தட்டியதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழுந்த பக்கத்தை எனக்கும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.